2147483647: பகா எண்ணாகவும் கணினியின் வரம்பாகவும் நிற்கும் ஓர் எண்

2038ஆம் ஆண்டு ஜனவரி 19ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை. இந்திய, இலங்கை நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடி. அந்த நொடி கடந்ததும் பழைய முறையில் காலத்தைக் கணக்கிடும் கணினிகள் 1901ஆம் ஆண்டுக்குத் தாவிவிடும் என்ற செய்தி அவ்வப்போது வெளியாகிறது. அந்தச் செய்திகளில் தவறாமல் இடம்பெறும் எண் 2147483647. கணித நூல்களைப் புரட்டினால் இதே எண் வேறொரு காரணத்துக்காக அங்கே நிற்கிறது: இது பகா எண், அதிலும் மிக அரிய வகையைச் சேர்ந்த பகா எண்.

இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்கு ஒரு குழப்பம் வருவது இயல்பு. பகா எண்ணாக இருப்பதால்தான் இதைக் கணினியின் வரம்பாக வைத்தார்களா? அல்லது எல்லாம் தற்செயலா? இரண்டுமே சரியான விடை அல்ல. உண்மை நிலை இவற்றைவிடச் சுவையானது. அதைப் புரிந்துகொள்ள எண்ணின் உருவத்திலிருந்து தொடங்க வேண்டும்.

எண்ணின் உருவம்

நம் வழக்கப்படி இது இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு லட்சத்து எண்பத்து மூன்றாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு. பத்து இலக்கங்கள். பார்வைக்கு எந்த ஒழுங்கும் தெரியாது. ஒழுங்கு வேறிடத்தில் இருக்கிறது.

31 நாள்கள் கொண்ட மாதம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதல் நாள் உண்டியலில் ஒரு ரூபாய், இரண்டாம் நாள் இரண்டு, மூன்றாம் நாள் நான்கு என்று ஒவ்வொரு நாளும் முந்தைய நாளின் இருமடங்கைப் போட்டுவந்தால், மாத முடிவில் உண்டியலில் இருக்கும் தொகை சரியாக 2147483647 ரூபாய். அதாவது 1 + 2 + 4 + 8 என்று நீளும் 31 உறுப்புகளின் கூட்டுத்தொகை. அடுத்த நாளும் போட வேண்டியிருந்தால் அன்றைய தொகை 2³¹, அதாவது 2147483648. உண்டியலில் இருப்பது அதைவிட ஒன்று குறைவு. எனவே நம் எண் 2³¹ − 1.

இரும முறையில், அதாவது 0, 1 என்ற இரண்டு இலக்கங்களால் மட்டும் எழுதினால், ஒவ்வொரு நாளுக்கும் ஒரு 1 வரும். 31 ஒன்றுகள் வரிசையாக நிற்கும். இடையில் ஒரு சுழியும் இல்லை. கணிதப் புகழுக்கும் கணினிப் புகழுக்கும் பொதுவான வேர் இந்த உருவம்தான்.

இரண்டு சொற்கள்

பகா எண் என்பது 1, தன்னைத்தானே ஆகிய இரண்டைத் தவிர வேறு வகுத்தி இல்லாத எண்: 2, 3, 5, 7, 11, 13. இலங்கைப் பாடநூல்களில் இது முதன்மை எண். வேறு வகுத்திகள் இருந்தால் அது பகு எண்.

மெர்சென் எண் என்பது 2-இன் ஓர் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்துக் கிடைப்பது: 3, 7, 15, 31, 63, 127. அதாவது இரும முறையில் ஒன்றுகள் மட்டுமே கொண்ட எண்கள். அவற்றில் பகா எண்களாக அமைபவை மெர்சென் பகா எண்கள். இவ்வகை எண்களின் பட்டியலை 1644இல் வெளியிட்ட பிரெஞ்சுத் துறவி மாரன் மெர்சென் பெயரால் அழைக்கப்படுகின்றன.

ஒன்றுகளின் எண்ணிக்கை பகு எண்ணாக இருந்தால் அந்த மெர்சென் எண்ணும் உடைந்துவிடும். ஆறு ஒன்றுகளை (111111, அதாவது 63) இரண்டிரண்டாகப் பிரித்தால் 11 என்ற துண்டு மூன்று முறை வருகிறது. எனவே 63 என்ற எண் 3-ஆல் வகுபடும். மும்மூன்றாகப் பிரித்தால் 111 இரண்டு முறை வருகிறது. எனவே 7-ஆலும் வகுபடும். ஆகவே ஒன்றுகளின் எண்ணிக்கை பகா எண்ணாக இருந்தாக வேண்டும். 31 பகா எண். முதல் தடை தாண்டப்பட்டது.

ஆனால் இது போதாது. 11 பகா எண்தான்; இருந்தும் 2¹¹ − 1 = 2047 = 23 × 89. இந்த 2047-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; சற்று நேரத்தில் உதவும்.

ஆய்லர் எப்படி நிறுவினார்?

இத்தாலியரான பியெத்ரோ கதால்தி 1588இல் 2¹⁷ − 1, 2¹⁹ − 1 இரண்டும் பகா எண்கள் என்பதைப் பொறுமையாக வகுத்துப் பார்த்தே கண்டறிந்தார். பிறகு 23, 29, 31, 37 ஆகிய அடுக்குகளும் பகா எண்களைத் தரும் என்றார். அந்த நான்கில் மூன்று பிழை. 2²³ − 1 என்பது 47-ஆல் வகுபடும். 2²⁹ − 1 என்பது 233-ஆல். 2³⁷ − 1 என்பது 223-ஆல். 31 மட்டும் சரி. மெர்சென்னின் பட்டியலிலும் 31 இருந்தது; அவர் பட்டியலிலும் பிழைகள் இருந்தன (67, 257 தவறாகச் சேர்ந்தன; 61, 89, 107 விடுபட்டன). ஆக, 31 சரி என்று இருவரும் சொன்னார்கள், நிறுவவில்லை. நிறுவியவர் லெயொனார்டு ஆய்லர், 1772இல், பெர்னூலி குடும்பத்துக் கணிதர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில். அப்போது அவர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தார். கண்பார்வை ஏறக்குறைய முழுவதும் போயிருந்தது.

நேர்வழியில் சென்றால் வேலை எவ்வளவு? ஓர் எண்ணுக்கு வகுத்தி இருந்தால் அவற்றுள் ஒன்றாவது அதன் வர்க்கமூலத்துக்குள் இருக்கும். நம் எண்ணின் வர்க்கமூலம் 46340-க்குச் சற்று மேல். அதுவரை உள்ள பகா எண்கள் 4792. அத்தனையாலும் பத்திலக்க எண்ணை வகுத்துப் பார்க்க வேண்டும். ஆய்லர் இந்தச் சுமையை வெட்டிச் சுருக்கிய விதம், என் மதிப்பீட்டில், எண்கணிதத்தின் மிக அழகான சிக்கனங்களுள் ஒன்று. ஆகவே படிப்படியாகப் பார்ப்போம்.

1. 2³¹ − 1 என்ற எண்ணை ஏதோவொரு பகா எண் வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு ‘ப’ என்று பெயர். 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொன்றையும் ‘ப’-ஆல் வகுத்து மீதியை மட்டும் குறித்துவந்தால், 31ஆவது இரட்டிப்பில் மீதி மறுபடி 1 ஆகிவிடும். அதாவது மீதிகள் ஒரு வட்டமாகச் சுற்றுகின்றன. வட்டத்தின் நீளம் 31-ஐ மீதியின்றி வகுக்க வேண்டும். 31 பகா எண் என்பதால் நீளம் 1 அல்லது 31. நீளம் 1 என்றால் 2-ஐ ‘ப’-ஆல் வகுக்கும்போதே மீதி 1 வர வேண்டும், அது நடக்காது. எனவே நீளம் சரியாக 31.

2. ஃபெர்மா 1640இல் சொன்ன ஓர் உண்மை இங்கே உதவுகிறது: ஒற்றைப் பகா எண் எதுவாயினும், அதைவிட ஒன்று குறைவான தடவை இரட்டித்தால் மீதி 1-க்குத் திரும்பியே தீரும். ஆகவே ‘ப’ − 1 என்ற எண்ணிக்கையில் 31-இன் முழு வட்டங்கள் அடங்க வேண்டும். ‘ப’ − 1 என்பது 31-ஆல் வகுபடும். ‘ப’ ஒற்றை எண் என்பதால் அது 2-ஆலும் வகுபடும். எனவே ‘ப’-ஐ 62-ஆல் வகுத்தால் மீதி 1.

3. 2³¹-இன் மீதி 1 என்றால் 2³²-இன் மீதி 2. ஆனால் 2³² என்பது 65536-இன் வர்க்கம். அதாவது ஒரு வர்க்க எண்ணை ‘ப’-ஆல் வகுக்கும்போது 2 மீதி வருகிறது. இப்படி அமையும் ஒற்றைப் பகா எண்கள் அனைத்தும் 8-ஆல் வகுக்கும்போது 1 அல்லது 7 மீதி தருபவை.

4. இரண்டு நிபந்தனைகளையும் இணைத்தால், ‘ப’-ஐ 248-ஆல் (8 × 31) வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 வர வேண்டும். வேறு வழியே இல்லை.

5. 46340-க்குள் அத்தகைய எண்கள் எத்தனை? 249, 497 என்று தொடங்கி 46129 வரை 186. 311, 559 என்று தொடங்கி 46191 வரை இன்னொரு 186. 63 பகா எண் அல்ல என்பதால் அதை விட்டுவிடலாம். மொத்தம் 372. இவற்றிலும் பல தாமாகவே விழுந்துவிடும்: 249 என்பது 3 × 83, 497 என்பது 7 × 71, 559 என்பது 13 × 43. எஞ்சும் பகா எண்களால் மட்டும் வகுத்துப் பார்த்தால் போதும். முதலாவது 311, அதனால் வகுத்தால் மீதி 35. இப்படியே கடைசிவரை எதுவும் வகுக்கவில்லை.

இந்தச் சல்லடை உண்மையில் வேலை செய்கிறதா என்று சரிபார்க்க 2047-இடம் திரும்புவோம். அங்கே அடுக்கு 11. எனவே வகுத்திகளை 22-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும்: 23, 45, 67, 89. 8-ஆல் வகுத்தால் அவற்றின் மீதிகள் முறையே 7, 5, 3, 1. இரண்டாம் நிபந்தனை 45-ஐயும் 67-ஐயும் தள்ளிவிடுகிறது. மிஞ்சுபவை 23, 89. அவையே 2047-இன் காரணிகள். சல்லடையில் தங்கியது அத்தனையும் மணி.

2147483647 எட்டாவது மெர்சென் பகா எண்ணாக நிலைபெற்றது. பல பத்தாண்டுகளுக்கு மனிதர் அறிந்த பகா எண்களில் இதுவே மிகப் பெரியதாக இருந்தது.

வகுக்காமலே கண்டறியும் வழி

1876இல் எத்வார் லூக்கா 2¹²⁷ − 1 என்ற 39 இலக்க எண் பகா எண் என்று காட்டினார். அவர் வகுத்துப் பார்க்கவே இல்லை. அவர் முறையைப் பின்னர் அமெரிக்கக் கணிதர் லெமர் செப்பமாக்கினார். முறை எளிது: 4-இல் தொடங்குக, வர்க்கப்படுத்தி 2-ஐக் கழிக்க, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை வைத்துக்கொள்க, அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை இதைச் செய்க. இறுதியில் சுழி வந்தால் பகா எண், வராவிட்டால் பகு எண்.

31-ஐ (2⁵ − 1) சோதிக்க மூன்று படிகள். 4 → 14. அடுத்து 196 − 2 = 194; 31-ஆல் வகுத்தால் மீதி 8. அடுத்து 64 − 2 = 62; மீதி 0. எனவே 31 பகா எண். நம் எண்ணுக்கு இதே வேலை 29 படிகளில் முடிந்துவிடும். 1996இல் தொடங்கிய ‘கிம்ப்ஸ்’ என்ற கூட்டு முயற்சி மெர்சென் பகா எண்களை உறுதிசெய்ய நம்பியிருப்பது இந்தச் சோதனையைத்தான். அந்த முயற்சியில் 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 2-இன் 136279841ஆம் அடுக்கு கழித்தல் 1 என்பது 41024320 இலக்கங்கள் கொண்டது.

எந்தெந்த வகையில் சேரும், எதில் சேராது

எண்களை வகைப்படுத்தும் பட்டியல்களில் 2147483647-க்குப் பல இடங்கள் உண்டு. எல்லாம் சமமான முக்கியத்துவம் உள்ளவை அல்ல.

1. பகா எண்களைச் சிறியதிலிருந்து வரிசைப்படுத்தினால் இதன் இடம் 105097565. பத்துக் கோடியைத் தாண்டிய வரிசை எண்.

2. இரட்டைப் பகா எண் (இரண்டு வித்தியாசத்தில் இன்னொரு பகா எண்ணைத் துணையாகக் கொண்டது) அல்ல. இரண்டு குறைந்தால் 2147483645, 5-ஆல் வகுபடும். இரண்டு கூடினால் 2147483649, அது 3 × 715827883. இந்த 715827883-உம் ஒரு பகா எண்.

3. சோஃபி ஜெர்மேன் பகா எண்ணும் அல்ல. அதற்கு இருமடங்கோடு ஒன்று கூட்டினால் பகா எண் வர வேண்டும். இங்கே வருவது 4294967295 = 3 × 5 × 17 × 257 × 65537. தகுதி கிடைக்கவில்லை, ஆனால் வந்த காரணிகளைப் பாருங்கள். இன்றுவரை அறியப்பட்ட ஃபெர்மா பகா எண்கள் (2-இன் ஓர் அடுக்கோடு ஒன்று கூட்டி வரும் ஒற்றைப் பகா எண்கள்) ஐந்தும் இங்கே வரிசையாக நிற்கின்றன.

4. 8-ஆல் வகுத்தால் மீதி 7. அத்தகைய எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டாகவோ மூன்று வர்க்கங்களின் கூட்டாகவோ எழுத முடியாது, நான்கு தேவை. 46339² + 425² + 10² + 1² = 2147483647.

5. இது ஒரு செவ்விய எண்ணைப் பெற்றெடுக்கிறது. தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூட்டுத்தொகை தனக்கே சமமாக வரும் எண் செவ்விய எண்: 28 = 1 + 2 + 4 + 7 + 14. ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணும் ஒரு செவ்விய எண்ணைத் தரும் என்பது யூக்ளிட் காலத்து உண்மை. இரட்டைச் செவ்விய எண்கள் இவ்வழியில் மட்டுமே பிறக்கும் என்று காட்டியவர் ஆய்லர். நம் எண்ணை 2³⁰-ஆல் பெருக்கினால் கிடைக்கும் 2305843008139952128 எட்டாவது செவ்விய எண்.

ஐந்தாவதோடு ஒரு வரலாறு ஒட்டியிருக்கிறது. பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயக் கணிதர் 1811இல் எழுதிய நூலில், இனி இதைவிடப் பெரிய செவ்விய எண்ணை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை என்றார். இவை பயனற்ற வேடிக்கை எண்கள். ஆகவே யாரும் மெனக்கெட மாட்டார்கள் என்பது அவர் காரணம். கணக்கின் கடினத்தை அவர் சரியாகவே எடைபோட்டார். மனிதரின் ஆர்வத்தைத்தான் குறைத்து மதிப்பிட்டார். லூக்காவின் 1876ஆம் ஆண்டுச் சோதனை ஒரே வீச்சில் 77 இலக்கச் செவ்விய எண்ணைத் தந்தது.

கணினியின் வரம்பு எங்கிருந்து வந்தது?

இப்போது மறுபக்கம். கணினி ஒரு முழு எண்ணைச் சேமிக்க, குறித்த எண்ணிக்கையில் பெட்டிகளை ஒதுக்குகிறது. ஒவ்வொரு பெட்டியும் ஒரு பிட்; அதில் 0 அல்லது 1. நெடுங்காலம் வழக்கத்தில் இருந்தது 32 பிட். குறை எண்களும் தேவை என்பதால் முதல் பிட் குறியைக் காட்டும் வேலைக்குப் போய்விடுகிறது. மிகை எண்ணுக்கு அது 0. மீதி 31 பிட்டுகளையும் ஒன்றுகளால் நிரப்பினால் வரும் மிகப் பெரிய எண்தான் 31 ஒன்றுகள், 2147483647.

அதோடு ஒன்று கூட்டினால்? வாகனத்தின் தூரமானியில் 99999-க்குப் பிறகு 00000 வருவதுபோல எல்லா ஒன்றுகளும் சுழியாகி, மிகுதி முதல் பிட்டுக்குத் தாவுகிறது. குறியைக் காட்டும் பிட் 1 ஆகிறது. எனவே கணினி அதை −2147483648 என்று படிக்கிறது. மிகப் பெரிய எண்ணிலிருந்து மிகச் சிறிய எண்ணுக்கு ஒரே அடியில் விழுகிறது.

யுனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் வழிவந்த கணினிகள் 1970 ஜனவரி 1, கிரீன்விச் நேரப்படி நள்ளிரவிலிருந்து நொடிகளை எண்ணுகின்றன. 2147483647ஆவது நொடி 2038 ஜனவரி 19 அன்று வருகிறது. அடுத்த நொடியின் எண் −2147483648. அது குறிப்பது 1901 டிசம்பர் 13, கிரீன்விச் நேரப்படி இரவு 8 மணி 45 நிமிடம் 52 நொடி. 1901 என்ற விந்தையான ஆண்டு செய்திகளில் வருவதன் காரணம் இதுவே.

இந்த வரம்பு ஏற்கெனவே பல இடங்களில் முட்டியிருக்கிறது. 2014 டிசம்பரில் தென்கொரியப் பாடகர் சையின் ‘கங்னம் ஸ்டைல்’ காணொளியின் பார்வை எண்ணிக்கை 2147483647-ஐக் கடந்தபோது, யூடியூப் தன் எண்ணிக்கைக் கருவியை 64 பிட்டுக்கு மாற்றியதைத் தெரிவித்தது. 2015இல் அமெரிக்க வானூர்தி ஒழுங்குமுறை அமைப்பு போயிங் 787 வானூர்திகளுக்கு ஓர் ஆணை பிறப்பித்தது: மின்னாக்கிக் கட்டுப்பாட்டு அலகு 248 நாள்கள் தொடர்ந்து இயங்கினால் அதன் உள் எண்ணி நிரம்பி வழிந்து மின்சாரம் நின்றுவிடக்கூடும் என்பது அதன் சாரம். ஒரு நொடியை நூறாகப் பகுத்து எண்ணினால் 2³¹ நிறைவது 248 நாள்களும் 13 மணி நேரமும் கடந்த சற்று நேரத்தில். கணக்கு அப்படியே பொருந்துகிறது. (ஆய்லரின் 248-க்கும் இதற்கும் தொடர்பு இல்லை. அது 8 × 31. இது நாள்களின் நீளத்தால் வந்தது.)

நம் அன்றாடத்துக்கு நெருக்கமான ஒன்று: இந்திய அலைபேசி எண்கள் பத்து இலக்கம் கொண்டவை, 6, 7, 8, 9-இல் தொடங்குபவை. அவற்றில் எதுவும் 2147483647-க்குள் அடங்காது. தரவுதளத்தில் அலைபேசி எண்ணுக்கு 32 பிட் முழு எண் கட்டத்தை ஒதுக்கும் புதிய நிரலாளர் முதல் பதிவிலேயே இந்த எண்ணைச் சந்தித்துவிடுகிறார்.

இரண்டு புகழுக்கும் என்ன உறவு?

முதலில் தெளிவாகச் சொல்ல வேண்டியது: பகா எண்ணாக இருப்பதற்காக யாரும் இதை வரம்பாக்கவில்லை. 32 பிட் என்பது மனிதர் எடுத்த முடிவு. 1950களிலும் 60களிலும் ஐபிஎம் 704, 7090 போன்ற கணினிகள் 36 பிட் சொற்களைப் பயன்படுத்தின. 1964இல் வந்த ஐபிஎம் சிஸ்டம்/360 எட்டு பிட் பைட்டையும் 32 பிட் சொல்லையும் நிலைநாட்டியது. 36 பிட் வழக்கமே நீடித்து, அங்கும் ஒரு பிட்டைக் குறிக்கென்று ஒதுக்கியிருந்தால் வரம்பு 2³⁵ − 1 = 34359738367 ஆகியிருக்கும். அது பகா எண் அல்ல: 31 × 71 × 127 × 122921.

ஆனாலும் ‘தற்செயல்’ என்று கைகழுவவும் முடியாது. குறியுள்ள எண்களின் வரம்புகளை வரிசையாக எழுதிப் பார்ப்போம்.

1. 4 பிட்: 2³ − 1 = 7. பகா எண்.
2. 8 பிட்: 2⁷ − 1 = 127. பகா எண்.
3. 16 பிட்: 2¹⁵ − 1 = 32767 = 7 × 31 × 151. பகு எண்.
4. 32 பிட்: 2³¹ − 1. பகா எண்.
5. 64 பிட்: 2⁶³ − 1. பகு எண்.
6. 128 பிட்: 2¹²⁷ − 1. லூக்காவின் பகா எண்.

அடுக்குகளை மட்டும் பாருங்கள்: 3, 7, 15, 31, 63, 127. அவையே மெர்சென் எண்கள்! காரணம் எளிது. கணினி பிட்டுகளை 2-இன் அடுக்குகளாக (4, 8, 16, 32) ஒதுக்குகிறது. குறிக்கு ஒன்று போகிறது. எனவே எஞ்சும் பிட்டுகளின் எண்ணிக்கை ஒரு மெர்சென் எண். அத்தனையும் ஒன்றுகளால் நிரப்பும்போது மெர்சென் எண்ணையே அடுக்காகக் கொண்ட மெர்சென் எண் பிறக்கிறது. அடுக்கு மெர்சென் பகா எண்ணாக இருந்தால் இப்படி வருவதை இருமடி மெர்சென் எண் என்கிறோம். இன்றுவரை அறியப்பட்ட இருமடி மெர்சென் பகா எண்கள் நான்கே நான்கு: 7, 127, 2147483647, 2¹²⁷ − 1. நான்கும் மேலே உள்ள பட்டியலில் இருக்கின்றன.

ஆக, கணினியின் கட்டமைப்பு எண்ணின் உருவத்தைத் தீர்மானித்தது. அந்த உருவம் பகா எண்ணாகும் வாய்ப்பைத் திறந்தது. வாய்ப்பு கைகூடியதா என்பதை எண்கணிதம் தனியே முடிவு செய்தது. 8192 பிட் எடுத்துக்கொண்டால் அடுக்கு 8191, அது பகா எண்ணே. ஆனால் 2-இன் 8191ஆம் அடுக்கு கழித்தல் 1 பகு எண். நம் எண்ணையே அடுக்காக வைத்தால்? 2-இன் 2147483647ஆம் அடுக்கு கழித்தல் 1 என்பது 64 கோடியே 64 லட்சத்து 56 ஆயிரத்து 993 இலக்கங்கள் கொண்டது. அதுவும் பகு எண்: 295257526626031-ஆல் வகுபடும். இந்த வகுத்தியிலிருந்து ஒன்றைக் கழித்தால் கிடைப்பது 2147483647-இன் 137490 மடங்கு. ஆய்லர் சொன்ன முதல் நிபந்தனை 646 மில்லியன் இலக்கங்களுக்கு அப்பாலும் பிசகாமல் நிற்கிறது.

இரண்டும் கைகோத்த இடம்

வரம்பாக இருப்பதும் பகா எண்ணாக இருப்பதும் ஒருசேரப் பயன்பட்ட இடம் ஒன்று உண்டு: கணினியில் சமவாய்ப்பு எண்களைப் பிறப்பிப்பது. ஓர் எண்ணை 16807-ஆல் பெருக்கி, 2147483647-ஆல் வகுத்து, மீதியை அடுத்த எண்ணாகக் கொள்வது முறை. 1-இல் தொடங்கினால் 16807, 282475249, 1622650073 என்று போகும். 1988இல் பார்க், மில்லர் இருவரும் இதைக் குறைந்தபட்சத் தரமாகப் பரிந்துரைத்தார்கள்.

வகுப்பது பகா எண் என்பதால் மீதி ஒருபோதும் சுழியில் சிக்காது. 16807 (அதாவது 7⁵) கவனமாகத் தேர்ந்த பெருக்கி என்பதால் 1 முதல் 2147483646 வரை ஒன்றும் விடாமல் எல்லா எண்களையும் தொட்டுவிட்டுத்தான் வரிசை தொடக்கத்துக்குத் திரும்பும். வரம்புக்குள்ளேயே அடங்குவதால் 32 பிட்டில் சேமிக்கலாம். ஒன்றுகள் மட்டும் கொண்ட எண் என்பதால் மீதி காண வகுக்க வேண்டியதுகூட இல்லை. பிட்டுகளை 31 31-ஆகத் துண்டாக்கிக் கூட்டினால் போதும். அடுத்த எண்ணை எவரும் கணித்துவிடலாம் என்பதால் கடவுச்சொல், மறையாக்கம் போன்றவற்றுக்கு மட்டும் இது உதவாது.

64 பிட்டுக்குப் போன பிறகு

தீர்வு தெரிந்ததே: நொடிகளை 64 பிட்டில் எண்ணுவது. புதிய வரம்பு 9223372036854775807. பழையதைப் போல் இது பகா எண் அல்ல. 7² × 73 × 127 × 337 × 92737 × 649657. நொடிக் கணக்கில் இது ஏறத்தாழ 29,200 கோடி ஆண்டுகள் தாங்கும். 2020இல் வந்த லினக்ஸ் 5.6 கருவகம் (இயங்குதளத்தின் மையப் பகுதி) 32 பிட் கருவிகளிலும் 64 பிட் காலத்தைப் பயன்படுத்த வழி செய்தது.

எஞ்சியிருப்பவை, யாரும் திறந்து பார்க்காத இடங்கள்: கருவிகளுக்குள் பொதிந்த சிறு கணினிகள், பழைய கோப்பு வடிவங்கள், தரவுதளங்களில் 32 பிட்டாகவே நின்றுவிட்ட தேதிக் கட்டங்கள். இவை தவறு செய்ய 2038 வரை காத்திருக்கத் தேவையில்லை. வருங்காலத் தேதி ஒன்றைக் கணக்கிட நேர்ந்தாலே போதும். 2018 மார்ச்சில் கையெழுத்தான இருபது ஆண்டு வீட்டுக் கடன் ஒன்றின் கடைசித் தவணை 2038 மார்ச் 5 என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தேதியை 32 பிட் நொடிக் கணக்கில் சேமிக்கும் நிரலுக்கு அது 1902 ஜனவரி இறுதி வாரம். அந்தப் பிழை கடன் ஒப்புதலான அன்றே பதிவேட்டில் ஏறிவிட்டிருக்கும்.